கல்கத்தாவில் ஐந்து நாள்

பொங்கல் விடுமுறைக்கு எல்லோரும் சொந்த ஊருக்குப் போவார்கள். நாங்கள் கல்கத்தாவுக்குப் போனோம்!

நான், என் மனைவி, பத்து வயதுப் பையன், ஆறு வயதுப் பெண் ஆக நான்கு பேர். 2025-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி வெள்ளிக்கிழமை இரவு, சென்னை சென்ட்ரலில் ஹவுரா மெயிலில் ஏறினோம்.

அங்கே என் நண்பர் இருக்கிறார். திருச்சியில் நாங்கள் இருவரும் ஒரே கல்லூரி, ஒரே விடுதி அறை. அவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் கல்கத்தாவில்தான். "பையன் தமிழ் மறந்துவிடுவான்" என்று பெற்றோர் திருச்சிக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். லீவு முடிந்து திரும்பும்போதெல்லாம் அவருடைய தாயார் ஒரு ரசகுல்லா டின் கொடுத்து அனுப்புவார். அதில் பாதி எனக்கு. அந்த அம்மாளை நான் அதுவரை பார்த்ததே இல்லை. ஆனால், அவர் அனுப்பிய ரசகுல்லாவை மூன்று ஆண்டுகள் சாப்பிட்டிருக்கிறேன்!

"குடும்பத்தோடு வா. ஐந்து நாள் தங்கு. ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன்" என்று நண்பர் பத்து ஆண்டுகளாகக் கூப்பிட்டுக் கொண்டிருந்தார். இந்த முறை கூப்பிட்டபோது இன்னொன்றும் சொன்னார்:

"எனக்குச் சென்னைக்கு மாற்றல் ஆகிவிட்டது. ஏப்ரலில் போக வேண்டும். அம்மா வரமாட்டேன் என்கிறாள். நான் சொன்னால் கேட்பதில்லை. நீ சொன்னால் கேட்பாள். அதற்காகவாவது வா."

வேடிக்கை பார்க்கப் போகிற இடத்தில் எனக்கு ஒரு வேலை!

மஞ்சள் டாக்சி

சென்னைக்கும் ஹவுராவுக்கும் சுமார் 1,660 கிலோ மீட்டர். ஆந்திரத்தையும் ஒரிசாவையும் முழுதாகக் கடந்து போகிறது, ரெயில். விடியும் நேரத்தில் கோதாவரி வந்தது. பாலத்தில் தடதடவென்று ரெயில் போகப் போக, ஆறு முடியவே இல்லை. பகலில் சிலிகா ஏரி. கடலா, ஏரியா என்று பையன் கேட்டான். கடலோடு சேர்ந்த உப்பு நீர் ஏரி அது. கொண்டுபோன புளிச்சாதம் இரண்டு வேளைக்குச் சரியாக இருந்தது.

மறுநாள் இரவு ஹவுரா போய்ச் சேர்ந்தோம். நல்ல குளிர். பிளாட்பாரத்தில் நண்பர் குல்லாயும் கம்பளிச் சட்டையுமாக நின்றார். கல்கத்தாக்காரர்களுக்குக் கொஞ்சம் காற்று அடித்தால் போதும், காதை மூடிக்கொள்வார்கள்!

வெளியே மஞ்சள் நிற அம்பாசடர் டாக்சிகள் நின்றன. நம் ஊரில் அம்பாசடரைப் பார்த்தே பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தக் காரின் உற்பத்தி 2014-ல் நின்றுபோனது. 15 ஆண்டு ஆன வண்டி ஓடக்கூடாது என்பதால் கல்கத்தாவிலும் அவை வேகமாகக் குறைந்து வருகின்றன. அதனாலேயே அதில்தான் போவோம் என்று மனைவி பிடிவாதம் பிடித்தாள். பெட்டிகளைப் பின்னால் போட்டுக்கொண்டு புறப்பட்டோம்.

அடுத்த நிமிடமே ஹவுரா பாலம்!

படத்தில் எத்தனையோ முறை பார்த்த பாலம்தான். ஆனாலும் நேரில் பார்த்தால் வாய் பிளக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஆற்றின் நடுவே ஒரு தூண்கூடக் கிடையாது. இரு கரையிலும் இரண்டு இரும்புக் கோபுரங்கள். அவற்றின் நடுவே 1,500 அடி நீளத்துக்குப் பாலம் அந்தரத்தில் நிற்கிறது. மொத்தம் 26,500 டன் எஃகு. ஓர் இடத்தில்கூட மரையும் திருகும் போடவில்லை. எல்லாம் அடித்து இறுக்கிய ரிவெட் ஆணிதான். இரண்டாவது உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-ம் ஆண்டில் திறந்தார்கள். 1965-ல் கவி தாகூரின் பெயரால் "ரவீந்திர சேது" என்று பெயர் வைத்தார்கள். யாரும் அப்படிச் சொல்வதில்லை!

இந்தப் பெரிய பாலத்துக்கு ஒரு சின்ன எதிரி உண்டு. வெற்றிலை எச்சில்! நடந்து போகிறவர்கள் துப்பித் துப்பி, இரும்புத் தாங்கிகளின் அடிப்பாகம் அரித்துப் போய்விட்டது. பிறகு கண்ணாடி நாரில் உறை செய்து மாட்டினார்கள். குண்டு போட்டும் அசையாத பாலத்தைச் சுண்ணாம்பும் பாக்கும் அசைக்கப் பார்த்தது என்று டாக்சிக்காரர் சிரித்தார். அவர் வாயிலும் வெற்றிலைதான்!

லேக் மார்க்கெட்

நண்பரின் வீடு, தெற்குக் கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம். பழைய காலத்து மூன்று மாடிக் கட்டிடம். பச்சை வண்ணம் அடித்த மரச் சட்ட ஜன்னல்கள். முதல் மாடியில் இவர்கள் குடியிருக்கிறார்கள்.

"வா தம்பி! ரசகுல்லாத் திருடன் நீதானா?"

இதுதான் அந்த அம்மாள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் மனைவியின் தலையைத் தடவினார். குழந்தைகளுக்கு அந்த நேரத்திலும் சூடாக இட்லி இருந்தது.

அம்மாளுக்கு வயது 68. கும்பகோணத்துப் பக்கம். 1979-ல் கல்யாணம் ஆகி, 22 வயதில் ஹவுராவில் வந்து இறங்கியவர். கணவருக்கு ஒரு தேயிலைக் கம்பெனியில் கணக்கு வேலை. மூன்று ஆண்டுக்கு முன்பு அவர் காலமாகிவிட்டார். நண்பருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் தாயும் மகனும்தான்.

ஞாயிறு காலை, பையை எடுத்துக்கொண்டு அம்மாள் மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். நாங்களும் கூடப் போனோம்.

தமிழ்நாட்டை விட்டு வந்தோமா, இல்லையா என்று சந்தேகம் வந்துவிட்டது! வாழை இலை, கறிவேப்பிலை, முருங்கைக்காய், காப்பிப் பொடி, அப்பளம் எல்லாம் இருந்தன. தென்னாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் அந்தக் காலத்திலிருந்தே இந்த வட்டாரத்தில்தான் குடியேறினார்கள். அவர்களுக்காக வந்த கடைகள் இவை.

வங்காளிகளும் நம்மைப் போலவே வாழைப்பூவையும் வாழைத்தண்டையும் சமைக்கிறார்கள். வாழைப்பூவுக்கு "மோச்சா" என்று பெயர். மீன் கடையில் இன்னொரு ஆச்சரியம். இரண்டு முழ நீளத்து ரோகு மீனை அரிவாள்மனையில் வைத்து அறுக்கிறார்கள்! நம் வீட்டு அரிவாள்மனையின் அண்ணன் மாதிரி இருக்கிறது, அது. கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு, மீனை இரண்டு கையாலும் பிடித்து, ஒரே இழுப்பு. மனைவி அங்கேயே நின்றுவிட்டாள்.

அம்மாள் சைவம். மீன் வாங்கவில்லை. ஆனாலும் மீன்காரர் விடவில்லை. "மாஷிமா! மாஷிமா!" என்று கூப்பிட்டு, என்னவோ கேட்டார். மாஷிமா என்றால் அம்மாவின் உடன்பிறந்தவள். நாம் பெரியம்மா, சின்னம்மா என்கிறோமே, அதுதான். அம்மாள் கடகடவென்று வங்காளியில் பதில் சொன்னார். என்ன என்று கேட்டேன்.

"அவன் மகளுக்குக் காய்ச்சல். கஷாயம் சொன்னேனே, கொடுத்தாயா என்று கேட்டேன். கொடுத்தானாம்."

பழக்கடையில் இலந்தைப் பழம் குவித்து வைத்திருந்தது. என் மகள் கையை நீட்டினாள். அம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்போது கூடாது கண்ணு. சரஸ்வதி பூஜை வரவில்லையே!"

வங்காளத்தில் சரஸ்வதி பூஜை, மாசிக்கு முன்னே பின்னே வசந்த பஞ்சமியில் வருகிறது. அன்று தேவிக்கு இலந்தைப் பழம் படைக்காமல் பிள்ளைகள் வாயில் போடமாட்டார்கள். போட்டால் படிப்பு வராதாம்! கும்பகோணத்து அம்மாள் அதை அவ்வளவு கண்டிப்பாகச் சொன்னபோது, என் "வேலை" சுலபமாக முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ராணிக்கு ஒரு மாளிகை

அன்று மாலை விக்டோரியா நினைவு மண்டபம் போனோம். வெள்ளை வெளேர் என்று சலவைக்கல் மாளிகை. தாஜ்மகாலுக்குக் கல் கொடுத்த மக்ரானாவிலிருந்துதான் இதற்கும் கல் வந்தது. ராணி இறந்தது 1901. அஸ்திவாரம் போட்டது 1906. திறந்தது 1921. அதற்குள் வெள்ளைக்காரர்கள் தலைநகரை டில்லிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள்! மாளிகை மட்டும் இங்கே தங்கிவிட்டது. உள்ளே படங்களைப் பார்த்ததைவிட, வெளியே தோட்டத்துப் புல்லில் உட்கார்ந்திருந்த குடும்பங்களைப் பார்த்ததே எனக்குச் சுவையாக இருந்தது. ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டு, குளிர்காலத்து வெயில் காய்கிறார்கள்.

வெளியே வந்ததும் "புச்கா". நம் ஊர் பானிபூரிக்கு அக்காள். சால மரத்து இலையில் செய்த சின்னத் தொன்னையைக் கையில் கொடுத்துவிடுகிறார். மசித்த உருளைக்கிழங்கைப் பூரியில் அடைத்து, புளித்தண்ணீரில் முக்கி, ஒவ்வொன்றாகத் தொன்னையில் போடுகிறார். நாம் தின்று முடித்தால் அடுத்தது. "போதும்" என்று சொல்லும்வரை நிற்காது. என் பையன் சொல்லவே இல்லை!

டிராம் வண்டி

திங்கட்கிழமை, நண்பர் வேலைக்குப் போய்விட்டார். "நான் கூட்டிப் போகிறேன்" என்று அம்மாளே கிளம்பினார். 68 வயதில் என்னைவிட வேகமாக நடக்கிறார்.

காளிகாட்டில் பூமிக்கடியில் இறங்கி, மெட்ரோ ரெயிலில் ஷியாம்பஜார் போனோம். இந்தியாவின் முதல் மெட்ரோ ரெயில் இதுதான். 1984-ல் ஓட ஆரம்பித்தது.

"நான் வந்த புதிதில் இந்தத் தெரு முழுக்கப் பள்ளம். பலகை போட்டிருப்பார்கள். ஒரு கையில் காய்கறிப் பை, ஒரு கையில் புடவைக் கொசுவம். அப்படித்தான் வீடு போய்ச் சேருவேன்" என்றார், அம்மாள்.

ஷியாம்பஜாரில் டிராம் ஏறினோம். மாடு மாதிரி அசைந்து அசைந்து போகிறது. மணி "டிங் டிங்" என்கிறது. சைக்கிள்காரர்கூட முந்திப் போகிறார். கல்கத்தாவில் 1873-ல் குதிரை இழுக்க டிராம் ஓடியது. 1902-ல் மின்சாரத்துக்கு மாறியது. இந்த இடத்தில் நாம் கொஞ்சம் பெருமைப்படலாம். சென்னையில் 1895-லேயே மின்சார டிராம் ஓடியது! ஆனால், 1953-ல் நிறுத்திவிட்டோம். கல்கத்தா விடாமல் வைத்துக்கொண்டது. அங்கும் ஒவ்வொரு தடமாக மூடி, நாங்கள் போனபோது ஒன்றிரண்டு தடங்களில்தான் ஓடியது. காட்சிக்கு ஒரு சிறு தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப்போவதாக 2024-ல் அரசு சொன்னது. "கூடாது" என்று சிலர் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

அம்மாள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார்.

"அவர் தினமும் டிராமில்தான் ஆபீஸ் போவார். இரண்டாம் வகுப்புப் பெட்டி. காசு மிச்சம் பிடித்துச் சனிக்கிழமை சந்தேஷ் வாங்கி வருவார்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நடுவில் கல்லூரித் தெருவில் இறங்கினோம். தெருவின் இரு பக்கமும் புத்தகக் கடைகள். கடை என்றால் பெட்டிக் கடை அளவுதான். ஆனால், கூரைவரை புத்தகம். பிரசிடென்சி பல்கலைக்கழகத்தின் சுவரை ஒட்டியே வரிசையாகப் போகிறது. கல்கத்தா பல்கலைக்கழகமும் அங்கேதான். அதுவும் நமது சென்னைப் பல்கலைக்கழகமும் ஒரே ஆண்டில், 1857-ல், பிறந்தவை.

எதிரே மாடியில் காப்பிக் கடை. "இண்டியன் காபி ஹவுஸ்" என்று பெயர். பெரிய மண்டபம். தலைப்பாகை கட்டிய சிப்பந்திகள். 1958 முதல் தொழிலாளர்களே கூட்டுறவாக நடத்துகிறார்கள். ஒரு காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசலாம். யாரும் எழுப்பமாட்டார்கள். சத்தியஜித் ராய் முதல் எத்தனையோ பேர் உட்கார்ந்து பேசிய இடம். உண்மையைச் சொல்கிறேன்: காப்பி சுமார்தான்! கும்பகோணத்து அம்மாளும் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை நகர்த்தி வைத்தார். "இங்கே பேசத்தான் வருவார்கள் தம்பி. காப்பிக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

பேச வந்த இடம். நான் என் விஷயத்தை அங்கேயே தொடங்கியிருக்க வேண்டும். பிள்ளைகள் கட்லெட் கேட்டார்கள். அது ஒரு சாக்கு.

இரண்டு வீட்டுப் பொங்கல்

14-ந் தேதி பொங்கல். காலையில் பால்கனியில் கோலம். இஞ்சிக் கொத்து, மஞ்சள் கொத்து எல்லாம் லேக் மார்க்கெட் தயவு. பொங்கிய பானையைப் பார்த்து "பொங்கலோ பொங்கல்!" என்று என் பிள்ளைகள் கத்திய கத்தில், கீழே ரிக்‌ஷாக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

பொங்கலில் வாயை வைத்தேன். புது வாசனையாக இருந்தது. அம்மாள் வெல்லத்துக்குப் பதிலாக "நலேன் குர்" போட்டிருந்தார்.

இது குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கிற ஈச்ச வெல்லம். நம்மூரில் பனையில் பதநீர் இறக்குகிறார்களே, அதைப்போல வங்காளத்தில் ஈச்ச மரத்தைச் சீவி, பானை கட்டி, இரவெல்லாம் சாறு இறக்குகிறார்கள். விடிவதற்குள் எடுத்துக் காய்ச்ச வேண்டும். வெயில் ஏறினால் புளித்துவிடும். கருப்பட்டிக்கும் இதற்கும் கொஞ்சம் ஜாடை உண்டு. வாசனையில் புகை மணம். குளிர் போனால் வெல்லமும் போய்விடும். அதனால், குளிர்காலம் முழுவதும் கல்கத்தாவில் சந்தேஷ், ரசகுல்லா எல்லாவற்றிலும் இதைத்தான் போடுகிறார்கள்.

ரசகுல்லாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1868-ல் பாக்பஜாரில் நவீன் சந்திர தாஸ் என்ற மிட்டாய்க் கடைக்காரர் பஞ்சு போன்ற ரசகுல்லாவைச் செய்து விற்றார். அவர் மகன் கே.சி.தாஸ் காலத்தில், 1930-ல், டின்னில் அடைத்து விற்கும் வழி வந்தது. அந்த டின்தான் திருச்சிவரை வந்து எனக்குத் "திருடன்" பட்டம் வாங்கிக் கொடுத்தது! ரசகுல்லா எங்களுடையது என்று ஒரிசாக்காரர்களும் வாதாடினார்கள். வங்காள ரசகுல்லாவுக்கு 2017-லும், ஒரிசா ரசகுல்லாவுக்கு 2019-லும் தனித்தனியே புவிசார் குறியீடு கிடைத்தது. சண்டை முடிந்தது.

பதினோரு மணிக்குக் கதவு தட்டும் ஓசை. மேல் மாடி அம்மாள் தட்டோடு நின்றார். அவரும் கணவரை இழந்தவர். அதே வயது. வங்காளிகளுக்கு அன்று பௌஷ சங்கராந்தி. அரிசி மாவுக்குள் தேங்காயும் ஈச்ச வெல்லமும் வைத்து "பிட்டே" செய்திருந்தார். கொழுக்கட்டையேதான்! பாலில் போட்டும் தருகிறார்கள். இங்கிருந்து பொங்கல் மேலே போயிற்று. அங்கிருந்து பிட்டே கீழே வந்தது. 40 ஆண்டுகளாக இப்படியாம். மாலை நான்கு மணிக்கு இருவரும் சேர்ந்து தேநீர் குடிப்பது இன்னும் தவறியதில்லை.

அன்று இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"அம்மா! சென்னைக்கு வந்துவிட்டால் நாங்கள் எல்லாம் பக்கத்தில் இருக்கிறோம்..."

அம்மாள் சிரித்தார்.

"இதைச் சொல்ல மூன்று நாளா? நீ வந்த அன்றே எதிர்பார்த்தேன். அவன் சொல்லச் சொன்னானா?"

நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

"தம்பி! சென்னையில் எனக்கு யாரைத் தெரியும்? கும்பகோணத்தில்தான் யார் இருக்கிறார்கள்? என்னைத் தெரிந்தவர்கள் எல்லாம் இந்தத் தெருவில் இருக்கிறார்கள். அவரைக் கொண்டுபோய் எரித்ததும் இங்கே. கரைத்ததும் இந்தக் கங்கையில். அங்கே வந்து நான் என்ன செய்வேன்? நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "பால் ஆறுகிறது, குடி" என்றார்.

ஆற்றுக்கு அடியில்

புதன்கிழமை நண்பர் லீவு போட்டார். காலையில் இந்திய அருங்காட்சியகம். 1814-ல் தொடங்கியது. நாட்டிலேயே பழமையானது. எகிப்து நாட்டு "மம்மி" இருக்கிறது. பார்குத் என்ற ஊரின் பழைய பௌத்தக் கல்வேலி இருக்கிறது. பையன் மம்மியை விட்டு நகரவில்லை. மகள் அந்தப் பக்கமே வரவில்லை.

மத்தியானம் பிரியாணி. கல்கத்தா பிரியாணியில் ஒரு முழு உருளைக்கிழங்கு இருக்கும்! 1856-ல் வெள்ளைக்காரர்கள் அயோத்தி நவாப் வாஜித் அலி ஷாவின் நாட்டைப் பறித்தார்கள். அவர் கல்கத்தாவுக்கு வந்து, மெட்டியாபுரூசில் குடியேறினார். கூடவே சமையல்காரர்களும் வந்தார்கள். கைச்செலவைக் குறைக்கக் கறியைக் குறைத்து உருளைக்கிழங்கு போட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் காலத்தில் உருளைக்கிழங்கே அபூர்வப் பண்டம், அதனால் ஆடம்பரத்துக்காகப் போட்டார்கள் என்று வேறு சிலர் சண்டைக்கு வருவார்கள். எப்படியோ, கறித்துண்டைவிட அந்தக் கிழங்குக்குத்தான் எங்கள் மேஜையில் போட்டி.

சாப்பிட்டு முடித்து, எஸ்பிளனேடில் புது மெட்ரோ ஏறினோம். இது ஹூக்ளி ஆற்றின் அடியில் போகிறது. 2024 மார்ச்சில் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் ஆற்றுக்கு அடியில் ஓடும் முதல் மெட்ரோ. ஆறு வரும் இடத்தில் சுரங்கத்தில் நீல விளக்கு எரிகிறது. "ஆறு! ஆறு!" என்று வண்டியில் எல்லோரும் ஜன்னல் பக்கம் பாய்கிறார்கள். தண்ணீர் தெரியாது. இருந்தாலும் பார்க்கிறார்கள்! 520 மீட்டர். 45 விநாடியில் முடிந்துவிடுகிறது. ஹவுரா நிலையம் பூமிக்கு அடியில் 30 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. மேலே வர நகரும் படிகளில் ஏறி ஏறி, என் மகள் "இன்னுமா?" என்று கேட்டுவிட்டாள். கட்டணம் பத்து ரூபாய்தான்.

போகும்போது ஆற்றுக்கு அடியில். வரும்போது ஆற்றின் மேலே, படகில்! அந்த மாலை வெயிலில் ஹவுரா பாலத்தைப் படகிலிருந்து பார்த்ததை நான் மறக்கமாட்டேன்.

கரையில் மண் கோப்பையில் டீ வாங்கினோம். குடித்துவிட்டுக் கோப்பையைப் போட்டுவிட வேண்டியதுதான். மனைவி தன் கோப்பையைப் போடாமல் பைக்குள் வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரத்தில் பாபு காட்டில் ஒரே சாமியார் கூட்டம். கங்காசாகரில் சங்கராந்தி முழுக்குப் போட்டுவிட்டுத் திரும்பியவர்கள்.

"பேசினாயா?" என்றார், நண்பர்.

"பேசினேன். அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நியாயம் எனக்கும் தெரியும். போன ஆகஸ்டில் குளியல் அறையில் வழுக்கி விழுந்தாள். நான் ஆபீசில். ஒரு மணி நேரம் எழுந்திருக்க முடியவில்லை. மேல் மாடி அம்மா தற்செயலாக வந்ததால் பிழைத்தாள். அவர்களுக்கும் 68 வயது. நான் சென்னையில் உட்கார்ந்துகொண்டு ராத்திரி எப்படித் தூங்குவேன்? அதைச் சொல்!"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விழுந்த விஷயத்தை அம்மாள் எங்களிடம் மூச்சு விடவில்லை. மாற்றலைத் தள்ளிப் போடவும் நண்பர் கேட்டுப் பார்த்திருக்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டார்களாம்.

என் மனைவிதான் வாயைத் திறந்தாள்.

"ஏப்ரலில் வீட்டைக் காலி செய்யாதீர்கள். சாமானெல்லாம் அப்படியே இருக்கட்டும். அவர்கள் இரண்டு மாதம் சென்னைக்கு விருந்தாளியாக வரட்டும். பிடிக்கவில்லை என்றால் பூஜைக்குத் திரும்பட்டும்."

"இரண்டு இடத்தில் வாடகை கொடுக்க வேண்டுமே!"

"கொடுங்கள்" என்றாள்.

நண்பர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்தார். பதில் சொல்லவில்லை.

ஆஷி!

வியாழக்கிழமை நாங்கள் எங்கும் போகவில்லை. பெட்டி கட்டினோம். பிள்ளைகள் மேல் மாடிக்கும் கீழ் மாடிக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். மேல் மாடி அம்மாள் எங்களுக்கு லூச்சியும் உருளைக்கிழங்குக் குழம்பும் செய்து போட்டார். லூச்சி, மைதாவில் செய்த பூரி. வெள்ளையாக, காகிதம்போல் மெல்லிசாக இருக்கும். எத்தனை தின்றோம் என்று எண்ணவில்லை.

புறப்படும்போது அவரிடம் என்ன சொல்வது என்று கேட்டேன். "ஆஷி என்று சொல்" என்றார், நண்பரின் தாயார். ஆஷி என்றால் "வருகிறேன்". அவர்களும் நம்மைப் போலத்தான். போகிறேன் என்று சொல்லமாட்டார்கள்!

நண்பரிடம் அம்மாள் அன்றைக்கு அதிகம் பேசவில்லை. அவரும் பேசவில்லை. எங்கள் முன்னால் வேண்டாம் என்று இருந்திருக்கலாம். மனைவி சொன்ன யோசனையை நண்பர் தாயாரிடம் சொன்னாரா என்பதும் எங்களுக்குத் தெரியாது.

இரவு ஹவுரா நிலையத்துக்கு இருவரும் வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லியும் அம்மாள் கேட்கவில்லை. கையில் ஒரு பெட்டி, ஈச்ச வெல்லச் சந்தேஷ். கூடவே ஒரு ரசகுல்லா டின்!

"முழுசும் உனக்கு. இந்தத் தடவை திருட வேண்டாம்" என்றார்.

ரெயில் பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டது. சாமான்களை ஏற்றினோம். ஜன்னல் அருகே அம்மாள் நின்றார். என்னைப் பார்க்காமல், என் மனைவியைப் பார்த்துக் கேட்டார்:

"உங்கள் வீட்டுப் பக்கம் காய்கறி மார்க்கெட் நடந்து போகிற தூரமா, அம்மா?"

"பத்து நிமிஷ நடை" என்றாள், மனைவி.

"வெயிலா?"

"காலை ஆறு மணிக்கே கடை திறந்துவிடுவார்கள்."

அம்மாள் தலையை ஆட்டினார். பிறகு, குழந்தைகளுக்குக் காதை மூடச் சொல்லித் தன் சால்வையை ஜன்னல் வழியே உள்ளே கொடுத்தார். ரெயில் நகர்ந்தது. சால்வையைத் திருப்பிக் கொடுக்க நேரம் இல்லை. அது இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.